ஸரிகமவுக்கு முன்னால்
(1, 2, 3ஆம் வகுப்புக் குழந்தைகளுடன் இசை)

முதன்முதலாக ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் பாட்டுச் சொல்லித்தரப் போனபோது, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தேன். எல்லோரையும் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னேன். சுருதிப் பெட்டியைப் போட்டேன். மாயாமாளவகௌளையில் முதல் சரளி வரிசை. எனக்கு அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். முதல் நாள் 38 பிள்ளைகளும் கூடவே பாடினார்கள். இரண்டாம் வாரம் பாதிப் பேர் வாயை மட்டும் அசைத்தார்கள். மூன்றாம் வாரம் முன் வரிசையில் இரண்டு பேர் மட்டும் பாடினார்கள். அந்த இரண்டு பேரும் ஏற்கெனவே வெளியே பாட்டு வகுப்புக்குப் போகிறவர்கள். மணி அடித்தது. மீதி 36 பேரும் புத்தகப் பையைத் தட்டிக்கொண்டு, ஒரு சினிமாப் பாட்டைத் தாளம் பிசகாமல் பாடிக்கொண்டே வராந்தாவில் ஓடினார்கள்.

பிள்ளைகளுக்குப் பாட்டு வந்தது. நான் ஆரம்பித்த இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

சரளி வரிசையின் மேல் குறை சொல்லவில்லை. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் அந்தப் பாடமுறை, கற்றுக்கொள்வதென்று முடிவுசெய்து வந்த மாணவருக்கானது. குருவின் எதிரே ஒருவரோ இருவரோ உட்கார்ந்து தினமும் சாதகம் செய்வதற்கானது. நம் வகுப்பு அப்படிப்பட்டதல்ல. போதாக்குறைக்கு மாயாமாளவகௌளையில் ஸ-வும் ரி-யும் ஒட்டி நிற்கும்; ரி-யிலிருந்து க-வுக்கு ஒரு பெரிய தாவல். ஆறு வயதுக் காதுக்கு அந்த நெருக்கமும் தாவலும் லேசில் பிடிபடாது.

ஒரு குழந்தை நாலைந்து வருடம் பேசிய பிறகுதான் 'அ' எழுதுகிறது. இசையில் மட்டும் எழுத்திலிருந்து தொடங்கிவிடுகிறோம். இந்த அத்தியாயம் அதைத் திருப்பிப் போடுகிறது. வரிசை இதுதான்: முதலில் உடம்பு, அடுத்து காது, பிறகு குரல், கடைசியில் ஸ்வரத்தின் பெயர். மூன்றாம் வகுப்பு முடியும்போது ஸரிகம வந்தால் போதும். அப்போது அது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றின் பெயராக இருக்கும்.

இது புது யோசனையும் அல்ல. ஹங்கேரியின் இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாய் (1882–1967), குழந்தைக்குத் தாய்மொழி நாட்டுப்பாடல்தான் முதல் பாடம் என்றார்; குறியீடு பிறகு வரலாம் என்றார். அவர் பிறந்த ஊரான கெச்கெமேட்டில் 1950இல், தினமும் பாட்டு வகுப்பு நடக்கும் தொடக்கப் பள்ளியே தொடங்கப்பட்டது. ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃப் (1895–1982) கைதட்டலிலும் தொடைதட்டலிலும் சிறு கொட்டுகளிலும் ஆரம்பித்தார். கும்மியும் கோலாட்டமும் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

"எனக்குப் பாடவே வராதே" என்று சொல்லும் வகுப்பாசிரியருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நம் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இசைக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. ஆனால் பாட்டு இருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலேயே பாட்டும் ஆட்டமும் உண்டு. அந்தப் பாட்டு கணக்கையும் தமிழையும் சுமந்து வருகிறது. வாரத்தில் ஒரு பாடவேளை சுமையை இறக்கிவைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கவனியுங்கள்.

உடம்பு: பலகாரத் தாளம்

தாளம் என்றதும் விரல் எண்ணிக்கையில் போய் நிற்காதீர்கள். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை, ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு இரண்டு முறை தட்டும் வீச்சும் என்று போட, சுண்டுவிரலைத் தனியாக மடக்கத் தெரியவேண்டும். ஆறு வயதில் பலருக்கு அது வராது. கவனமெல்லாம் விரலில் போய்விடும், தாளம் நழுவிவிடும்.

நடையிலிருந்து தொடங்குங்கள். தாளத்தில் நடை என்ற சொல்லே இருக்கிறதே! வகுப்பை வட்டமாக நிற்கவைத்து நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு டப்பாவைத் தட்டுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: முதல் நாள் பிள்ளைகள் உங்கள் தட்டுக்கு நடக்கக்கூடாது, நீங்கள்தான் அவர்கள் நடைக்குத் தட்டவேண்டும். சின்னக் கால்களின் இயல்பான வேகம் பெரியவர்களின் வேகத்தைவிட அதிகம். நமக்கு வசதியான காலப்பிரமாணத்தில் தட்டினால் அவர்கள் தடுமாறுவார்கள். அவர்களுக்குத் தாளமே வரவில்லை என்று நாம் முடிவுகட்டுவோம். அவர்கள் வேகத்தில் நிலைத்த பிறகு மெல்லக் குறைக்கலாம், கூட்டலாம். டப்பா நின்றால் சிலையாக நிற்கவேண்டும்.

நடை நிலைத்ததும் சொற்கட்டு. எந்த வகுப்பிலும் இதுவரை என்னைக் கைவிடாத விளையாட்டு இது. கரும்பலகையில் மூன்று பலகாரம் எழுதுங்கள்:

வடை (2) – தக
சுகியன் (3) – தகிட
அதிரசம் (4) – தகதிமி

உங்கள் ஊரில் சுகியனைச் சுசியம் என்றாலும் எண்ணிக்கை மூன்றுதான். புள்ளி எழுத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தட்டு. சொல்லின் முதல் எழுத்தில் தட்டு கொஞ்சம் பலமாக விழட்டும். முதல் வாரம் 'அதிரசம், அதிரசம், அதிரசம்' என்று ஒரே பலகாரம். அடுத்த வாரம் 'சுகியன்' மட்டும். இரண்டும் பழகியபின் பாதி வகுப்பு சொல்ல, மறுபாதி தட்ட வேண்டும். பிறகு சொல்லை மனதுக்குள் சொல்லிக்கொண்டு கையால் மட்டும் தட்டுவது.

அதற்கப்புறம் தட்டில் இரண்டு பலகாரம் வையுங்கள். 'வடை சுகியன்' என்றால் ஐந்து. அதுவே தக தகிட, கண்ட நடை. 'சுகியன் அதிரசம்' என்றால் ஏழு. தகிட தகதிமி, மிஸ்ரம். 'அதிரசம் வடை சுகியன்' என்று அடுக்கினால் ஒன்பது, சங்கீர்ணம். மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்று கர்நாடக இசையின் ஐந்து ஜாதிகளும் ஒரு பலகாரத் தட்டில் அடங்கிவிடுகின்றன. திஸ்ரம், மிஸ்ரம் என்ற பெயர்களைப் பிள்ளைகளிடம் இப்போது சொல்லவேண்டாம். "டீச்சர், ஒன்பது பலகாரம் செய்யலாமா?" என்று அவர்களே கேட்பார்கள். ஏழு எண்ணிக்கையை உடம்பில் பிடித்துவிட்ட பிள்ளைக்குப் பின்னாளில் மிஸ்ர சாபு தாளம் பயம் காட்டாது.

கூடவே கணக்கும் நடக்கிறது. ஏழு வேண்டுமென்றால் என்னென்ன பலகாரம் சேர்க்கலாம்? மூன்றாம் வகுப்பில் இதைப் போட்டுப் பாருங்கள். 'வடை வடை சுகியன்' என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். அதைத் தட்டிப் பார்த்தால் எண்ணிக்கை ஏழேதான், ஆட்டம் வேறு. சேர்க்கும் விதம் மாறினால் தாளத்தின் முகமும் மாறும் என்பதைப் பிள்ளைகள் கையால் தெரிந்துகொள்வார்கள்.

காது: ஐந்து டம்ளர்

குழந்தைகளிடம் 'உயர்ந்த ஸ்வரம், தாழ்ந்த ஸ்வரம்' என்று ஆரம்பித்தால் குழப்பம் நிச்சயம். வீட்டில் 'டிவியை ஏத்து' என்றால் சத்தத்தைக் கூட்டு என்று பொருள். அதனால் 'மேலே பாடு' என்றதும் கத்துவார்கள். அவர்களுடைய சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: கீச்சுக் குரல், கட்டைக் குரல். எலி எப்படிப் பேசும், யானை எப்படிப் பேசும்? எலி மெதுவாகக் கீச்சிடட்டும், பிறகு சத்தமாகக் கீச்சிடட்டும். யானையும் அப்படியே. கீச்சு வேறு, சத்தம் வேறு என்பது பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

அடுத்து, ஒரே அளவுள்ள ஐந்து எவர்சில்வர் டம்ளர், ஒரு ஸ்பூன், ஒரு சொம்புத் தண்ணீர். முதல் டம்ளரை வெறுமனே தட்டுங்கள். இரண்டாவதில் பாதித் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கேளுங்கள்: "இதைத் தட்டினா கீச்சா வருமா, கட்டையா வருமா?" கை தூக்கி ஓட்டெடுப்பு நடத்துங்கள். என் வகுப்புகளில் பெரும்பாலும் கீச்சுக் கட்சிதான் ஜெயிக்கும். தண்ணீர் மேலே ஏறுவதால் சத்தமும் ஏறும் என்று வாதாடுவார்கள். தட்டினால் கட்டையாக வரும். தண்ணீரின் கனம் சேரச் சேர டம்ளரின் அதிர்வு மெதுவாகிறது, சுருதி இறங்குகிறது. ஜலதரங்கக் கலைஞர்கள் பீங்கான் கிண்ணங்களில் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் சுருதி சேர்ப்பது இப்படித்தான்.

அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். வாய் குறுகிய ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றி, அதன் வாயோரம் ஊதிக் காட்டுங்கள். இப்போது தண்ணீர் கூடக்கூடச் சுருதி ஏறும்! இங்கே அதிர்வது மேலே மிச்சமிருக்கும் காற்று. தண்ணீர் ஏறினால் காற்றுக்கு இடம் குறைகிறது. தோற்ற கட்சிக்கும் ஒரு வெற்றி. மறுநாள் இரண்டு பிள்ளைகளாவது வீட்டில் அம்மாவிடம் திட்டு வாங்கிய கதையோடு வருவார்கள்.

மீதி டம்ளர்களிலும் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி, ஐந்தையும் கீச்சிலிருந்து கட்டை வரை வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எது தட்டப்பட்டது என்று கண்டுபிடிக்கட்டும். இதற்கு வேறு உபகரணம் தேவையில்லை. நன்றாக மூடி ஒட்டிய சின்ன டப்பாக்களில் மணல், அரிசி, புளியங்கொட்டை என்று இரண்டிரண்டாகப் போட்டு, குலுக்கிப் பார்த்து ஜோடி சேர்க்கும் விளையாட்டும் அப்படியே. மூடி ஒட்டுவதை மறக்கவேண்டாம். ஒன்றாம் வகுப்பில் புளியங்கொட்டை மூக்குக்குள் போகும்.

ஊரில் பறை அடிப்பவரோ தவில் வாசிப்பவரோ இருந்தால் ஒரு நாள் அழைத்து வாருங்கள். வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பாவாகவோ மாமாவாகவோ இருக்கலாம். பறையின் தோலை நெருப்பில் காய்ச்சுவதற்கு முன் ஒரு அடி, காய்ச்சிய பின் ஒரு அடி அடித்துக் காட்டச் சொல்லுங்கள். தோல் விறைக்க விறைக்கச் சுருதி ஏறுவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். வந்தவருக்குத் தலைமையாசிரியருக்குப் போடுகிற அதே நாற்காலியைப் போடுங்கள். அன்றைய பாடத்தில் அதுவும் ஒரு பகுதி.

குரல்: கட்டை எங்கே இருக்கவேண்டும்?

பள்ளிகளில் பாட்டு கெட்டுப்போவதற்கு முதல் காரணம் சுருதியின் இடம். ஆறேழு வயதுக் குழந்தைக்கு வசதியான எல்லை சிறியது: கீபோர்டின் நடு 'சி'க்கு அடுத்த 'டி' முதல் அதற்கு மேலுள்ள 'ஏ' வரை. நம் கணக்கில் 2 கட்டை முதல் 6 கட்டை வரை (இங்கே கட்டை என்பது சுருதியின் அளவு, கட்டைக் குரல் அல்ல). 2 கட்டையில் ஸ வைத்தால் ப வரைக்கும்தான் சுகமாகப் போகும்.

பெண் ஆசிரியர் தமக்கு வசதியான 5, 5½ கட்டையில் பாடினால், அந்த ஸட்ஜமம் (ஸ) குழந்தையின் குரலுக்கு அடியில் போய்விடும். வகுப்பே முனகும். எளிய வழி ஒன்று உண்டு: உங்கள் பஞ்சமம் (ப) நிற்கும் இடத்தைப் பாட்டின் ஸட்ஜமமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண் ஆசிரியர் 2 கட்டையில் பாடினால் பிள்ளைகள் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே பாடவேண்டும். பலர் தானாகவே பிடிப்பார்கள். சிலர் உங்கள் கட்டைக் குரலையே பிடிக்கப் பார்த்து உறுமுவார்கள். அதற்கு, நீங்கள் ஒருமுறை பாடிக் காட்டியபின், சரியாகப் பிடித்த ஒரு பிள்ளையைப் பாடவிட்டு மற்றவர்களை அதன் பின்னே போகச் சொல்லுங்கள்.

'சத்தமா பாடுங்க' என்பதை விட்டுவிடுங்கள். அப்படிச் சொன்னால் பிள்ளைகள் தொண்டையை இறுக்கிக் கத்துவார்கள்; கத்தும்போது சுருதி கேட்காது. 'பக்கத்தில் இருப்பவர் பாடுவது உங்கள் காதில் விழணும்' என்று சொல்லிப் பாருங்கள். சத்தம் தானாக அளவுக்கு வரும்.

ஒரு பாட்டைச் சொல்லித்தரும் வரிசை:

1. முழுப் பாட்டையும் நீங்களே இரண்டு முறை பாடுங்கள். பிள்ளைகள் கேட்டால் போதும்.
2. மூன்றாம் முறை ஒரு வேலை கொடுங்கள்: 'காக்கா எத்தனை தடவை வருது?'
3. நீங்கள் பாட, அவர்கள் தாளம் மட்டும் தட்டட்டும்.
4. திரும்பத் திரும்ப வரும் அடியை மட்டும் அவர்களிடம் விடுங்கள். மீதியை நீங்கள் பாடுங்கள்.
5. இப்போது ஒவ்வொரு அடியாக, நீங்கள் ஒருமுறை, அவர்கள் ஒருமுறை. அவர்கள் பாடும்போது நீங்கள் கூடப் பாடாதீர்கள். பாடினால் அவர்கள் குரலை நீங்கள் கேட்கமுடியாது.
6. கடைசியில் வாய்ப்பூட்டு விளையாட்டு. கையை மூடினால் மனதுக்குள் பாடவேண்டும், திறந்தால் அந்த இடத்திலிருந்து வாய்விட்டுப் பாடவேண்டும். திறக்கும்போது எல்லோரும் ஒரே எழுத்தில் சேர்ந்து வந்தால், பாட்டு உள்ளே போய்விட்டது என்று பொருள்.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அடி குறுகியதா, ஒரு வரி திரும்ப வருகிறதா, ஐந்து ஸ்வரத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். உங்கள் ஊர் நிலாப் பாட்டும் மழைப் பாட்டும் கும்மியும் இந்த மூன்றிலும் தேறிவிடும். அழ. வள்ளியப்பா (1922–1989) போன்ற குழந்தைக் கவிஞர்களின் பாடல்களில் சந்தம் தயாராக இருக்கிறது. மெட்டை வகுப்பே போட்டுக்கொள்ளலாம். பாட்டி பாடும் பாட்டு ஒன்றை ஆளுக்கொன்றாகக் கேட்டுவரச் சொன்னால் பள்ளிக்கென்றே ஒரு பாட்டு நோட்டு சேரும். சினிமாப் பாட்டு வந்தால் விரட்டவேண்டாம். அதன் எல்லை பெரும்பாலும் பிள்ளைகளின் குரலுக்கு எட்டாது. பாடுவதைவிடத் தாளம் தட்டவும் நடக்கவும் பயன்படுத்துங்கள்.

ஒரே சுருதியில் பேசும் பையன்

எல்லா வகுப்பிலும் இரண்டு மூன்று பிள்ளைகள் பாட்டை ஒரே சுருதியில் படித்துக்கொண்டு போவார்கள். பள்ளியில் அவர்களுக்குக் கிடைக்கும் வழக்கமான தீர்ப்பு: 'நீ வாயை மட்டும் அசை.' ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்க்கையில் இந்த வாக்கியம் தாராளமாகப் புழங்கும். நாற்பது வயதில் 'எனக்குப் பாட வராது' என்று சொல்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பலருக்கும் இப்படி ஒரு டீச்சர் இருந்திருப்பார்.

ஒரு இரண்டாம் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருந்தான். என்ன பாடினாலும் தரையோடு தரையாக ஒரே முனகல். ஒரு நாள் கேட்டேன்: "தம்பி, உங்க தெருவுல ஐஸ் வண்டி தாண்டிப் போயிடுச்சு. எப்படிடா கூப்பிடுவே?"

இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஐஸ்கா...ரரே!" என்றான். குரல் உச்சியில் ஏறி, கொஞ்சம் இறங்கி நின்றது. வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு வேண்டிய இரண்டு ஸ்வரம் அதில் இருந்தன.

"அந்த 'கா'விலேயே நில்லு பாப்போம்." நின்றான். அந்தச் சுருதியில் நான் போய்ச் சேர்ந்துகொண்டேன். பிறகு வகுப்பையும் அங்கே வரச் சொன்னேன். முப்பது பேர் அவன் சுருதிக்கு வந்து சேர்ந்ததும் அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! கூட இருக்கும் குரல்கள் தன் குரலோடு ஒட்டுவது எப்படிக் கேட்கும் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்த வாரங்களில் அங்கிருந்து ஒரு படி மேலே, ஒரு படி கீழே என்று அழைத்துப்போனேன். அவன் பாடகனாகிவிடவில்லை. தீபாவளிக்குள் நாலு ஸ்வரத்துக்குள் அடங்கும் பாட்டைச் சுருதியோடு பாடினான்.

ஆகவே விதி இது: சுருதிக்கு வராத குழந்தையை உங்களிடம் இழுக்காதீர்கள். முதலில் நீங்கள் அதன் சுருதிக்குப் போங்கள். கூப்பிடும் குரலும், ஆம்புலன்ஸ் மாதிரி வழுக்கி ஏறி இறங்கும் குரலும் தினம் ஒரு நிமிடம் இருக்கட்டும். பேச்சுக் குரலிலிருந்து பாட்டுக் குரலுக்குப் போக அதைவிட நல்ல பாலம் எனக்குத் தெரியாது. காது சரியாகக் கேட்கவில்லையோ என்ற சந்தேகம் வந்தால் பெற்றோரிடம் சொல்லிப் பரிசோதிக்கச் செய்யுங்கள். காது கேளாத பிள்ளையும் டிரம் மேலோ மேசை மேலோ உள்ளங்கையை வைத்துத் தாளத்தைப் பிடிக்கும்.

பெயர் எப்போது?

தூரத்தில் போகும் ஒருவரைக் கூப்பிடும்போது பிள்ளைகளின் குரல் பல நேரம் ப-விலிருந்து க-வுக்கு இறங்கும். கோடாய் முறை வகுப்புகளில் முதல் பாடமே இந்த இரண்டு ஸ்வரம்தான். நாமும் அங்கேயே தொடங்கலாம். மூன்றாம் வகுப்பில் ப, க. பிறகு த சேர்த்து மூன்று. பிறகு ரி, ஸ. ஐந்தும் வந்ததும் கையில் இருப்பது மோகனம்: ஸ ரி க ப த. அரைச் சுருதி நெருக்கம் எங்கும் இல்லாததால் பிசகினாலும் காதைக் குத்தாது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் உடம்பில் ஓர் இடம் கொடுங்கள்: ஸ-வுக்கு முழங்கால், ரி-க்கு இடுப்பு, க-வுக்கு மார்பு, ப-வுக்குத் தோள், த-வுக்குத் தலை. நீங்கள் பேசாமல் தொட்டுக் காட்ட, அவர்கள் பாடவேண்டும். தெரிந்த நிலாப் பாட்டின் முதல் அடியை இப்படித் தொட்டுக் காட்டினால், "டீச்சர், இது நம்ம பாட்டு!" என்று எவராவது கத்துவார். அன்றிலிருந்து ஸ்வரம் படிப்பது தொடங்குகிறது. சரளி வரிசை அதற்குப் பின்னால் தாராளமாக வரட்டும்.

35 நிமிடப் பாடவேளை

3 நிமிடம் – கூப்பிடும் குரல், வழுக்கும் குரல்
7 நிமிடம் – நடை, பலகாரத் தாளம்
5 நிமிடம் – கேட்கும் விளையாட்டு
10 நிமிடம் – புதுப் பாட்டு (மேலே சொன்ன ஆறு படிகளில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று படி போதும்)
7 நிமிடம் – பழைய பாட்டு, ஆட்டத்தோடு
3 நிமிடம் – அமைதி: கண்ணை மூடி வெளியே கேட்கும் ஒலிகளை எண்ணுவது

அமைதியைக் கடைசியில் வையுங்கள். அடுத்த பாடத்துக்கு வரும் ஆசிரியர் உங்கள் மேல் கோபப்படமாட்டார்.

மதிப்பெண் போடாதீர்கள். நோட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் மாதம் ஒருமுறை நாலு கேள்விக்குப் பதில் எழுதினால் போதும்: நடை நிலைத்து நிற்கிறதா? கீச்சும் கட்டையும் பிரித்துக் கேட்கிறதா? கூப்பிடும் குரல் வந்துவிட்டதா? தானாகப் பாட ஆரம்பிக்கிறதா? நாலாவது கேள்விக்குப் பதில் வகுப்பறையில் கிடைக்காது. மதியச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். தட்டில் விரல் 'வடை சுகியன், வடை சுகியன்' என்று போய்க்கொண்டிருந்தால் நோட்டில் ஒரு டிக் போட்டுக்கொள்ளுங்கள்.